சீனா துணைக்கு இருந்தால் தடைகள் வீண்தானா?

"உலகில் வேறெந்த நாட்டின் மேலும் இல்லாத அளவுக்கு ரஷ்யா மேல் தடைகள் போட்டாகிவிட்டது, ஆனாலும் உக்ரைன் போர் நிற்கவில்லை. சீனா மாதிரி ஒரு வல்லரசு பக்கத்தில் நிற்கும்வரை பொருளாதாரத் தடை என்பது வெற்றுக் காகிதம்தானே? நாளைக்கே போர் முடிந்தால் இதெல்லாம் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேள்விகள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு வல்லரசு கொடுக்கும் பொருளாதார அடியை, இன்னொரு வல்லரசின் துணையோடு தாங்கிவிட முடியுமா? முடியும். ஆனால் அந்தத் துணைக்கு ஒரு விலை உண்டு. தடை போடுகிறவர் ஒரு செலவை உண்டாக்குகிறார், துணை நிற்கிறவர் அதில் பெரும்பகுதியைத் தன் லாபமாக வசூலித்துக்கொள்கிறார். நான்கு ஆண்டுகளாக நடப்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்.

நான் ஒரு வங்கியின் வெளிநாட்டு வர்த்தகப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். எல்.சி. (ஏற்றுமதியாளருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) திறப்பது, ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்ப்பது, வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது அனுப்புகிறவர், பெறுகிறவர், கப்பல், துறைமுகம் என்று ஒவ்வொரு பெயரையும் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இதெல்லாம் அன்றாட வேலை. ஆகவே பணமும் சரக்கும் எப்படி நகர்கின்றன, எங்கே சிக்குகின்றன என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். போர்க்களத்தில் எந்தப் படை எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்குப் பயிற்சி கிடையாது, அதில் கை வைக்க மாட்டேன்.

முதலில், பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஸ்விஃப்டிலிருந்து வெளியேற்றினால் ஒரு நாட்டின் பணம் முடங்கிவிடும் என்று செய்திகளில் சொல்வார்கள். ஸ்விஃப்ட் வழியாகப் பணம் போவதே இல்லை. அது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் பாதை. பணம் நகர்வது வங்கிகள் ஒன்றில் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில். எந்த நாட்டு வங்கியாக இருந்தாலும் டாலரில் வியாபாரம் செய்ய வேண்டுமென்றால், அமெரிக்காவில் உள்ள ஏதோ ஒரு வங்கியில் நேரடியாகவோ இன்னொரு வங்கி மூலமாகவோ அதற்குக் கணக்கு இருக்க வேண்டும். இரண்டு ஆசிய நாடுகள் தங்களுக்குள் எண்ணெய் வாங்கி விற்றாலும், விலை டாலரில் என்றால் அந்தப் பணம் ஒரு நொடியாவது நியூயார்க் வழியாகப் போய்வரும். அமெரிக்காவின் கை அங்கேதான் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஏழு ரஷ்ய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து நீக்கப்பட்டன. ரஷ்யாவின் மிகப் பெரிய வங்கியான ஸ்பெர்பேங்க், எரிவாயுவுக்குப் பணம் கட்ட வழி வேண்டும் என்பதற்காக அதே ஆண்டு ஜூன் வரை விட்டுவைக்கப்பட்டது. இந்த நீக்கத்தைவிடக் கணக்குகளை மூடியதுதான் பெரிய அடி.

அடுத்தது பயம். 2014-இல் பிரான்ஸின் பிஎன்பி பரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா மீதான அமெரிக்கத் தடைகளை மீறியதற்காக ஏறத்தாழ 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தப் பரிவர்த்தனைகளில் பல, ஐரோப்பியச் சட்டப்படி குற்றமே இல்லை. டாலர் நியூயார்க் வழியாகப் போனது என்பதுதான் அமெரிக்காவுக்குக் கிடைத்த பிடி. அதற்குப் பிறகு தடை சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரும் "இது சட்டப்படி செல்லுமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. "இதில் கிடைக்கும் கமிஷனுக்காக இந்தத் தலைவலி தேவையா?" என்றுதான் கேட்பார்கள். மருந்து, உணவு, உரம் ஆகியவற்றுக்குத் தடைகளில் விலக்கு உண்டு. ஆனாலும் அவற்றுக்கான பணம் வாரக்கணக்கில் கிடப்பில் கிடக்கும், சில சமயம் திரும்பியே வந்துவிடும். சட்டம் மறித்ததைவிட வங்கியின் தயக்கம் மறித்தது அதிகம். தடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சாதாரண மக்களைக் கடுமையாகத் தாக்குவது பல நேரங்களில் இந்தத் தயக்கம்தான்.

சரி, ரஷ்யாவுக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கிய சில நாட்களுக்குள் ரஷ்ய மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஏறத்தாழ பாதி, சுமார் 30,000 கோடி டாலர், முடக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள, பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் நிறுவனமான யூரோக்ளியரில் இருக்கிறது. ரூபிள் சரிந்தது. மத்திய வங்கி வட்டி விகிதத்தை ஒரே நாளில் 20 சதவீதமாக்கியது, மூலதனம் வெளியேற முடியாமல் கதவை அடைத்தது, ஏற்றுமதியாளர்கள் சம்பாதிக்கும் அந்நியச் செலாவணியில் 80 சதவீதத்தை ரூபிளாக மாற்றியே ஆக வேண்டும் என்றது. ஜூன் மாதத்தில் ரூபிள் போருக்கு முன்பிருந்ததைவிட வலுவாக நின்றது. அந்த ஆண்டு பொருளாதாரம் 8.5 சதவீதம் சுருங்கும் என்று ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப் கணித்திருந்தது. சுருங்கியது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வளர்ச்சி ஆண்டுக்கு 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. "தடைகள் தோற்றுவிட்டன" என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது.

அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2022-இல் ரஷ்யாவைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு தடை போட்டவர்களுடையதே. ஐரோப்பா தன் வீடுகளைச் சூடாக்கவும் ஆலைகளை ஓட்டவும் ரஷ்ய எரிபொருளை நம்பியிருந்ததால் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உடனடித் தடை வரவில்லை. போர் காரணமாக விலை வேறு ஏறியது. விளைவு, அந்த ஆண்டு ரஷ்யாவின் நடப்புக் கணக்கு உபரி (வெளிநாடுகளுக்குப் போனதைவிட அங்கிருந்து கூடுதலாக வந்த பணம்) 20,000 கோடி டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. ஒரு கையால் கையிருப்பை முடக்கிவிட்டு, இன்னொரு கையால் அதை நிரப்பிக் கொடுத்தது போல ஆயிற்று. கடல்வழிக் கச்சா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையும், ஜி7 நாடுகளின் 60 டாலர் விலை உச்சவரம்பும் 2022 டிசம்பர் 5 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. படையெடுத்து ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆன பிறகு. தடையின் வலு முதல் அதிர்ச்சியில்தான் இருக்கிறது. எதிராளிக்கு ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கொடுத்தால் அவர் நிச்சயம் செய்துகொள்வார்.

அந்த விலை உச்சவரம்பு எப்படி வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள். உலகக் கடல்வழிக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குக் காப்பீடு தருவது சர்வதேசக் குழுமம் எனப்படும் ஒரு டஜன் சங்கங்கள், அவற்றில் பல லண்டனை மையமாகக் கொண்டவை. 60 டாலருக்கு மேல் விற்ற எண்ணெயை ஏற்றினால் அந்தக் காப்பீடு கிடையாது என்பதுதான் அப்போதைய விதி. எண்ணெய் சந்தைக்கு வர வேண்டும், ரஷ்யாவுக்குப் போகும் பணம் மட்டும் குறைய வேண்டும் என்ற கணக்கு. ரஷ்யா என்ன செய்தது? பழைய டேங்கர்களை வாங்கிக் குவித்தது. உரிமையாளர் யார் என்று தெரியாத கம்பெனிகள், அடிக்கடி மாறும் கொடிகள், நம்பத்தகாத காப்பீடு, நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றுவது என்று ஒரு நிழல் கப்பல் படையே உருவாயிற்று. இந்தக் கப்பல்களில் ஒன்று கடலில் உடைந்தால் சுத்தம் செய்யும் செலவை யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. இவை கடந்துபோகும் பால்டிக் கடலோர நாடுகளின் கவலை நியாயமானது.

ஆனாலும் உச்சவரம்பு முழுத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். 2023 தொடக்கத்தில் ரஷ்யாவின் யூரல்ஸ் எண்ணெய், உலகச் சந்தையின் அளவுகோலான பிரென்ட் எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு 30 டாலர் வரை மலிவாக விற்றது. அந்த 30 டாலர் எங்கே போயிற்று? வாங்கியவர்களுக்கும், தரகர்களுக்கும், கப்பல்காரர்களுக்கும் போயிற்று. போருக்கு முன் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்தைத் தொடவில்லை. பிறகு அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இதை ரஷ்யாவுக்கு இந்தியா செய்த உதவி என்று சிலரும் துரோகம் என்று சிலரும் எழுதுகிறார்கள். பணத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது மலிவாகக் கிடைத்த சரக்கு, அவ்வளவுதான். அதிலும் ரஷ்யாவுக்கு ஒரு முடிச்சு விழுந்தது. இந்தியா கொஞ்சம் விற்றுவிட்டு ஏராளமாக வாங்கியதால், ரூபாயில் வந்த பணம் இந்திய வங்கிகளில் தேங்கியது. அந்தக் கோடிக்கணக்கான ரூபாயைப் பயன்படுத்த வேண்டுமானால் வேறு நாணயத்துக்கு மாற்ற வேண்டும் என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் வெளிப்படையாகவே சொன்னார். விற்றது நிஜம், கணக்கில் பணம் இருப்பதும் நிஜம், ஆனால் அதை வைத்துத் தனக்கு வேண்டியதை வாங்க முடியாது. தடையின் விளைவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இப்போது சீனா. படையெடுப்புக்கு இருபது நாள் முன்னால், 2022 பிப்ரவரி 4 அன்று, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிய நாளில், புதினும் ஷி ஜின்பிங்கும் வெளியிட்ட கூட்டறிக்கை இரு நாட்டு நட்புக்கு எல்லைகள் இல்லை என்றது. அதற்குப் பின் நடந்ததை எண்களில் பாருங்கள். 2021-இல் சுமார் 14,700 கோடி டாலராக இருந்த இருதரப்பு வர்த்தகம் 2023-இல் 24,000 கோடியானது. ரஷ்யாவின் மொத்த வெளிவர்த்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று சீனாவோடுதான். சீனாவின் மொத்த வர்த்தகத்தில் ரஷ்யாவின் பங்கோ 4 சதவீதத்தை ஒட்டியது. ஒருவருக்கு இது உயிர்நாடி, மற்றவருக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர். தெருவில் ஒரே ஒரு கடை மட்டும் திறந்திருக்கும்போது விலை பேசும் தெம்பு வாங்குகிறவருக்கு இருக்காது. சீனா கொள்ளையடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்த நாடும் இந்த இடத்தில் இதைத்தான் செய்யும்.

அப்புறம் இந்த நட்பின் எல்லை எங்கே இருக்கிறது என்பது 2024-இல் தெரிந்தது. வங்கித் துறையில் இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஓர் ஆணை பிறப்பித்தார். ரஷ்ய ராணுவத் தொழிலுக்கு உதவும் பரிவர்த்தனையைக் கையாளும் எந்த வெளிநாட்டு வங்கியையும் டாலர் அமைப்பிலிருந்து வெட்டிவிடலாம் என்பது அதன் சாரம். இதைத்தான் இரண்டாம் நிலைத் தடை என்கிறோம். தடை மீறுகிறவரோடு சேர்ந்து, அவருக்குத் துணைபோகும் மூன்றாம் நாட்டுக்காரரும் மாட்டிக்கொள்கிறார். சில வாரங்களில் சீனாவின் பெரிய வங்கிகள் ரஷ்யாவிலிருந்து வரும் பணத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கின. துருக்கியிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இதே கதை. சீன நாணயமான யுவானில் கட்டிய பணம்கூட நின்றுபோனது, ஏனென்றால் கட்டணம் யுவானாக இருந்தாலும் அந்த வங்கிக்கு டாலர் வியாபாரம் வேறு இருக்கிறதே! 2024-இல் ரஷ்யாவுக்குப் போன சீனச் சரக்கின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்லையில்லாத நட்பு, ஒரு வங்கியின் நியூயார்க் கணக்கருகே வந்து நின்றது.

முழுக்க நின்றுவிடவில்லை. பாதை மாறியது. டாலரில் பெரிய தொழில் இல்லாத சிறு வங்கிகள், இடைத்தரகர்கள், பண்டமாற்று, மூன்றாம் நாட்டுக் கம்பெனிகள் என்று வழி கண்டுபிடித்தார்கள். சீனா இதை ஈரான் விஷயத்திலேயே செய்து பார்த்திருந்தது. ஈரான் எண்ணெய்க்கான பணத்தைக் கையாண்டதற்காக 2012-இல் அமெரிக்கா சீனாவின் குன்லுன் வங்கியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தடைக்குப் பிறகும் அந்த ஒரு வங்கி ஈரான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பெரிய வங்கிகள் பத்திரமாக ஒதுங்கி நின்றன. இந்த மாற்றுப் பாதைகளில் எல்லாம் கமிஷன் உண்டு, காலதாமதம் உண்டு, பணம் தொலையும் அபாயமும் உண்டு. இந்தக் கூடுதல் செலவு கடைசியில் ரஷ்ய இறக்குமதியாளர் தலையில் விழுந்து, அங்கிருந்து விலைவாசியாக மக்களிடம் போகிறது.

எரிவாயுவில் இன்னும் தெளிவாகத் தெரியும். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி யாருக்கும் விற்கலாம், குழாயில் போகும் எரிவாயுவைத் திருப்ப முடியாது. போருக்கு முன் ஆண்டுக்கு 15,000 கோடி கன மீட்டர் அளவில் ஐரோப்பாவுக்குப் போன எரிவாயு மேற்கு சைபீரிய வயல்களிலிருந்து வந்தது. சீனாவுக்குப் போகும் பவர் ஆஃப் சைபீரியா குழாய், கிழக்கு சைபீரியாவில் உள்ள வேறு வயல்களோடு இணைந்தது. அதன் முழுக் கொள்ளளவே 3,800 கோடி கன மீட்டர்தான். ஐரோப்பாவில் இழந்ததைச் சீனாவுக்குத் திருப்ப மங்கோலியா வழியாக இரண்டாவது குழாய் வேண்டும். ரஷ்யா பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஒப்பந்தக் குறிப்பு கையெழுத்தானது என்று ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் அறிவித்தபோதும் விலை முடிவாகவில்லை. சீனாவுக்கு அவசரம் இல்லை. காஸ்ப்ரோமோ 2023-இல் 62,900 கோடி ரூபிள் நட்டம் காட்டியது.

இந்த மாதிரித் துணைகள் வரலாற்றில் புதிதில்லை. 1940 பிப்ரவரியில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு எண்ணெய், தானியம், மாங்கனீஸ், ரப்பர் கிடைப்பது கடினமாகியிருந்தது. சோவியத் அவற்றைக் கொடுத்தது, தூரகிழக்கிலிருந்து வந்த ரப்பரைத் தன் ரயில்பாதை வழியாகக் கொண்டுசேர்த்தும் விட்டது. பதிலுக்கு எந்திரங்களும், கட்டி முடிக்காத ஒரு போர்க்கப்பலும் வாங்கிக்கொண்டது. முற்றுகை பெரிதும் ஓட்டையானது. அந்த ஓட்டையை அடைத்தது பிரிட்டன் இல்லை, 1941 ஜூன் 22 அன்று சோவியத் மீது படையெடுத்த ஹிட்லரேதான். கொரியப் போரின்போது 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை சீனாவுக்கு எதிராகத் தடை கொண்டுவந்தது. சீனா முழுவதுமாக மாஸ்கோ பக்கம் சாய்ந்தது. அந்தச் சார்பு உண்டாக்கிய கசப்பு வளர்ந்து, 1960-இல் சோவியத் தன் நிபுணர்களை ஒட்டுமொத்தமாகத் திரும்ப அழைத்துக்கொண்டபோது நூற்றுக்கணக்கான திட்டங்கள் பாதியில் நின்றன. பிளவுக்குத் தடைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொள்கைப் பூசலும் எல்லைப் பிரச்சினையும் இருந்தன. ஒருவரை மட்டுமே நம்பி நிற்கும் நிலையில் அந்த உறவு வளர்ந்தது என்பது மட்டும் உறுதி. அன்று கீழ்ப்படியில் சீனா, இன்று ரஷ்யா.

எனக்கு இந்த வரிசையில் மிக முக்கியமாகப் படுவது 1956-இன் சூயஸ் நெருக்கடி. எகிப்தைத் தாக்கிய பிரிட்டன் மேல் அமெரிக்கா குண்டு எதுவும் போடவில்லை. பவுண்டு சரிந்துகொண்டிருந்தபோது தாங்கிப் பிடிக்க மறுத்தது, ஐஎம்எஃப்-இல் பணம் எடுக்க ஒத்துழைக்கவில்லை. நவம்பர் 6 அன்று பிரிட்டன் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது, டிசம்பருக்குள் படைகள் வெளியேறின. ஒரு நடப்புப் போரைப் பணத்தால் சில நாட்களில் நிறுத்திய அபூர்வ நிகழ்வு இது. ஏன் பலித்தது? பிரிட்டன் எதிரி இல்லை, நண்பன். அமெரிக்காவையே சார்ந்திருந்தது, வேறு போக்கிடம் இல்லை, போரும் அதன் ஆட்சியாளர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இல்லை. ரஷ்யாவின் விஷயத்தில் இந்த நான்கும் தலைகீழ். இதை வைத்துப் பார்த்தால் இன்று புதினின் போரைப் பணத்தால் சட்டென்று நிறுத்தும் வலு யாருக்காவது இருந்தால் அது வாஷிங்டனைவிட பெய்ஜிங்குக்குத்தான் அதிகம். அதைப் பயன்படுத்தச் சீனாவுக்கு விருப்பமில்லை. வலுவிழந்து, தன்னைச் சார்ந்து நிற்கும், ஆனால் தோற்றுவிடாத ரஷ்யா சீனாவுக்கு வசதி. இந்தக் கடைசி வாக்கியம் என் அனுமானம், நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை.

சிறிய கூட்டாளிகளின் கதை வேறு. வட கொரியாவுக்கு ஏற்கெனவே எல்லாத் தடையும் இருப்பதால் இழக்க ஒன்றுமில்லை. அதனால்தான் அது 2024 ஜூனில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, குண்டுகளோடு படைவீரர்களையும் அனுப்ப முடிந்தது. டாலர் உலகத்தோடு பிணைப்பு குறையக் குறையத் துணிச்சல் கூடுகிறது. ஈரான் ஷாஹெட் டிரோன்களைக் கொடுத்தது. ஆனால் 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது மாஸ்கோ கண்டன அறிக்கையோடு நின்றுகொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான ரஷ்ய-ஈரான் ஒப்பந்தத்தில் பரஸ்பரப் பாதுகாப்புப் பிரிவு இல்லை.

இனி, தடைகள் என்னதான் சாதித்தன? உறுதியாகச் சொல்லக்கூடியவை: ரஷ்யா தன் போருக்குக் கொடுக்கும் விலை ஏறியிருக்கிறது. சிப்புகளும், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. எந்திரங்களும் ஹாங்காங், துருக்கி, மத்திய ஆசியா வழியாக இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் மற்ற நாடுகள் கொடுப்பதைவிட அதிக விலையில், தரத்துக்கு உத்தரவாதமில்லாமல். 2022-இல் ரஷ்யாவின் லாடா கார் கம்பெனி காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லாத கார்களை விற்க வேண்டியிருந்தது. பிறகு அந்தச் சந்தையில் பாதிக்கு மேல் சீன கார்கள் பிடித்துக்கொண்டன. 2024 அக்டோபரில் மத்திய வங்கி வட்டி விகிதத்தை 21 சதவீதத்துக்கு ஏற்றியது. 2025-இல் வளர்ச்சி 1 சதவீதத்துக்கு இறங்கியது, 2026-இலிருந்து மதிப்புக் கூட்டு வரி 20-லிருந்து 22 சதவீதமாயிற்று. முந்தைய இரண்டு ஆண்டுகளின் 4 சதவீத வளர்ச்சியும் பெரும்பாலும் டாங்கியும் குண்டும் செய்ததால் வந்தது. போர்முனையில் எரிந்துபோகும் ஒரு டாங்கியும் தேசிய உற்பத்திக் கணக்கில் வளர்ச்சியாகத்தான் பதிவாகும்.

சந்தேகத்துக்குரியவை வேறு. இந்த நெருக்கடியில் தடைகளின் பங்கு எவ்வளவு, போர்ச் செலவின் பங்கு எவ்வளவு, ஆள்பற்றாக்குறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில் பொருளாதார அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. 2022-க்குப் பிறகு ரஷ்யா பல வர்த்தகப் புள்ளிவிவரங்களை வெளியிடுவதை நிறுத்திவிட்டதால் இது இன்னும் கடினம். தடைகளே இல்லாதிருந்தால் ரஷ்யப் படை இதைவிட எவ்வளவு வலுவாக இருந்திருக்கும் என்பதற்கு யாராவது ஒரு எண் சொன்னால் நம்பாதீர்கள். வலி கூடினால் ஆட்சி பணிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் வரலாற்றில் ஆதாரம் மெலிவுதான். 1941 ஜூலையில் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்தது பேர்ல் ஹார்பர் தாக்குதல். கையிருப்பு எண்ணெய் தீர்ந்துபோவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று டோக்கியோ முடிவெடுத்தது. தடை எதிராளியின் கையைக் கட்டும் என்று நாம் நினைக்க, அதுவே அவரை அவசரப்படுத்தவும் கூடும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, வெற்றுக் காகிதம் என்பது தவறு. போரை நிறுத்தும் ஆயுதம் என்பதும் தவறு. தடை ஒரு நாட்டின் பணத்தையும் தேர்வுகளையும் மெல்ல அரிக்கிறது. அந்த அரிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பதில் துணை நிற்கும் வல்லரசுக்கும் அதன் வங்கிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. 2025 அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லூகாயில் ஆகிய இரண்டு பெரும் எண்ணெய்க் கம்பெனிகள் மீது அமெரிக்கா தடை போட்டபோதும் எல்லோரும் முதலில் பார்த்தது மாஸ்கோவை இல்லை, சீன, இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகள் ஆர்டரைக் குறைக்கிறார்களா என்பதைத்தான்.

கடைசியாக, போர் முடிந்தால் தடைகள் போய்விடுமா? சட்டப்படி பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 27 நாடுகளும் ஒருமனதாக நீட்டிக்க வேண்டும், ஒரு நாடு மறுத்தாலே ஆட்டம் காணும். அமெரிக்காவில் அதிபரின் ஆணையால் வந்தவற்றை அதிபரே எடுக்கலாம், காங்கிரஸ் சட்டமாக்கியவற்றுக்குக் காங்கிரஸ் வேண்டும். சோவியத்திலிருந்து யூதர்கள் குடிபெயர்வதைத் தடுத்ததற்காக 1974-இல் நிறைவேற்றிய ஜாக்சன்-வானிக் திருத்தம் என்ற அமெரிக்க வர்த்தகக் கட்டுப்பாடு, சோவியத்தே மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து 2012-இல்தான் ரஷ்யாவுக்கு நீங்கியது. நீக்கிய அதே சட்டத்திலேயே மனித உரிமை மீறலுக்கான புதிய தடைகளும் சேர்ந்து வந்தன.

சட்டம் மாறினாலும் வங்கிகள் மாறுவது இன்னும் மெதுவாக நடக்கும். ஈரானுடன் 2015-இல் அணு ஒப்பந்தம் ஆகி, 2016 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன. பெரிய ஐரோப்பிய வங்கிகள் திரும்பிப் போகவில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி அந்த மே மாதம் லண்டனில் வங்கியாளர்களை நேரில் சந்தித்து, அனுமதிக்கப்பட்ட வியாபாரத்தைத் தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் தயங்கினார்கள். 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது, தயங்கியவர்கள் செய்தது சரி என்றாகிவிட்டது. ரஷ்யாவுக்கான தடைகள் நாளையே நீங்கினாலும் தடை சரிபார்க்கும் மேசையில் இருப்பவர்கள் அதை நினைத்துக்கொண்டுதான் அடுத்த பரிவர்த்தனையைத் திறப்பார்கள். மாஸ்கோவுக்கும் இது தெரியும். அதனால் "போரை நிறுத்து, தடையை எடுக்கிறேன்" என்ற பேரத்துக்கு அங்கே முழு மதிப்பு கிடைப்பதில்லை. அதுவரை யுவானும் சிறு வங்கிகளும் நிழல் கப்பல்களும் அங்கேயே இருக்கும். அவற்றில் பணம் பார்த்துப் பழகியவர்களும் இருப்பார்கள்.